ட்ரோன் ஏன் கோணலாகப் போகிறது? நேராக ஓட்டிப் படமெடுக்கும் வழி

நீளமான நேர்ச்சாலை, மேலே ட்ரோன். ஸ்டிக்கை முன்னே தள்ளிப் பிடித்தால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் எடுத்ததைக் கணினியில் ஓடவிட்டால் சாலை கொஞ்சம் கொஞ்சமாக இடது ஓரத்துக்கு ஒதுங்கிக்கொண்டே போகிறது, அடிவானம் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, நடுவில் இரண்டு இடத்தில் படம் உதறுகிறது. புதிதாக ட்ரோன் வாங்கியவர்கள் இதைப் பார்த்ததும் முதலில் ட்ரோனின் திசைகாட்டியான காம்பஸைத்தான் காலிபரேட் செய்யப் போவார்கள், அதாவது அதன் அளவீட்டைத் திருத்தப் போவார்கள். பல சமயம் அதற்குத் தேவையே இருக்காது. கோணலுக்குக் காரணம் காற்றாக இருக்கலாம், கருவியாக இருக்கலாம், உங்கள் கட்டைவிரலாகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் கை வைத்தால் சரியாக இருந்ததும் கெட்டுப்போகும்.

காட்சியைப் பார்த்தே காரணத்தைப் பிடிப்பது

கோணலாக வந்த கிளிப்பை முழுத்திரையில் ஓடவிடுங்கள். முன்னோக்கிப் போகும் எந்தக் காட்சியிலும் மரம், கட்டடம், வேலி எல்லாம் ஒரு புள்ளியிலிருந்து விரிந்து திரையின் ஓரங்களை நோக்கி ஓடிவரும். அந்தப் புள்ளி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். ட்ரோன் உண்மையில் போய்க்கொண்டிருக்கும் திசை அதுதான். திரையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு நூல் தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி அந்த நூலின் மேல் இருக்க வேண்டும். கேமராவைக் கீழே சாய்த்து எடுத்திருந்தால் புள்ளி திரையின் மேல்பகுதிக்கோ திரைக்கு வெளியேயோ போய்விடும், அது பரவாயில்லை. இடம் வலமாக விலகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

- புள்ளி நூலிலிருந்து விலகி, கிளிப் முழுவதும் அதே அளவு விலகலில் நின்றால்: கேமரா ஒரு திசையைப் பார்க்கிறது, ட்ரோன் வேறு திசையில் போகிறது. கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பல் பக்கவாட்டில் கொஞ்சம் திரும்பியிருக்கலாம், அல்லது காம்பஸ் தவறாகக் காட்டியிருக்கலாம்.
- புள்ளி இடமும் வலமுமாக அலைந்தால்: வலது ஸ்டிக்கில் விரல் ஆடியிருக்கிறது, அல்லது காற்று விட்டுவிட்டு அடித்திருக்கிறது.
- காட்சி முழுவதும், தூரத்து மலையும் சேர்ந்து, பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போனால்: ட்ரோனின் மூக்கு திரும்பியிருக்கிறது. இடது ஸ்டிக்கைப் பாருங்கள்.
- பாதை நேர், ஆனால் அடிவானம் சரிவு: கிம்பல் வேலை. பறப்பதில் குறையில்லை.

காம்பஸ் பிழையா கிம்பல் விலகலா என்று பிரிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. ஒரே இடத்திலிருந்து நான்கு திசைகளிலும் 30 மீட்டர் நேராக ஓட்டிப் படமெடுங்கள். நான்கிலும் புள்ளி ஒரே பக்கம், ஒரே அளவு விலகியிருந்தால் அது கிம்பல். திசைக்குத் திசை விலகல் மாறினால் காம்பஸ். காம்பஸ் பிழை சின்னதாகத் தெரிந்தாலும் அதை அப்படியே விடக் கூடாது. 5 டிகிரி பிழையோடு 100 மீட்டர் போனால், கேமரா பார்க்கும் கோட்டிலிருந்து ட்ரோன் ஏறக்குறைய 9 மீட்டர் தள்ளிப் போயிருக்கும்.

தரையில் பார்க்க வேண்டியவை

முதலில் இறக்கைகள். பவர் அணைந்திருக்கும்போது ஒவ்வொரு இறக்கையின் ஓரத்திலும் நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சின்ன வெட்டுகூட நகத்தில் தட்டும். அப்படித் தட்டினால் அந்த இறக்கையை மாற்றிவிடுங்கள். மடியும் வகையில் ஒரு மோட்டாருக்கு இரண்டு இறக்கை இருக்கும், ஒன்று மட்டும் அடிபட்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். புதியதும் பழையதும் ஒரே எடையில் இருக்காது. எடை வித்தியாசத்தால் வரும் அதிர்வு கிம்பலைத் தாண்டிப் படத்துக்கு வந்துவிடும், படம் ஜெல்லி போல நெளியும். திருகுகளையும் பாருங்கள். இறக்கை தளர்ந்து தொங்கக் கூடாது, இறுகி மடியாமலும் இருக்கக் கூடாது. அடையாளக்கோடு உள்ள இறக்கை அடையாளமுள்ள மோட்டாருக்கு. மாற்றிப் போட்டால் கோணலாகப் பறப்பது இருக்கட்டும், ட்ரோன் எழும்பும்போதே கவிழும்.

நான்கு மோட்டாரையும் விரலால் சுற்றிப் பாருங்கள். ஒன்று மட்டும் கரகரவென்றாலோ மற்றவற்றைவிடச் சீக்கிரம் நின்றாலோ உள்ளே மணல் போயிருக்கிறது. அதை ஈடுகட்ட மற்ற மூன்றும் வேகத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். அந்தரத்தில் நிற்கும்போது அவ்வளவாகத் தெரியாது, நேராக ஓட்டும்போது தெரியும்.

பேட்டரியை அழுத்தும்போது இரு பக்கமும் 'க்ளிக்' கேட்க வேண்டும். உப்பியிருந்தால் அதைத் திரும்ப உபயோகிக்காதீர்கள். ஒட்டும் விளக்கு, நீட்டுக்கால், பெயர்ப்பட்டை போன்ற ஒட்டுவேலை எல்லாம் எடையின் நடுப்புள்ளியை நகர்த்தும். சின்ன ட்ரோன்களில் இது நன்றாகவே தெரியும். படமெடுக்கும் நாளில் அவற்றைக் கழற்றிவிடுவது நல்லது.

லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் மாட்டுவதாக இருந்தால் பவர் போடும் முன்பே மாட்டுங்கள். பவர் வந்ததும் கிம்பல் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும், அப்போது என்ன எடை இருக்கிறதோ அதற்கேற்ப நிற்கும். அந்த நேரத்தில் ட்ரோன் மட்டமான இடத்தில் இருப்பதும் முக்கியம். புல்மேட்டில் சாய்வாக வைத்துப் பவர் போட்டு, பிறகு அடிவானம் கோணுகிறது என்று தேடுகிறவர்கள் நிறையப் பேர். மடக்குகிற தரைவிரிப்பு ஒன்றோ, பையின் மேல் ஒரு தட்டைப் பலகையோ போதும்.

காலிபரேஷன்: எது, எப்போது

காம்பஸை ஒவ்வொரு முறையும் காலிபரேட் செய்யாதீர்கள். செயலி கேட்டால் செய்யுங்கள், வெகுதூரம் இடம் மாறிப் போனால் செய்யுங்கள், மேலே சொன்ன நான்கு திசைச் சோதனையில் பிழை தெரிந்தால் செய்யுங்கள். மற்ற நேரத்தில் விட்டுவிடலாம். கெட்ட இடத்தில் செய்த காலிபரேஷன், செய்யாததைவிட மோசம். கம்பி கட்டிய கான்கிரீட் தளம், கார், இரும்பு வேலி, பாதாளச் சாக்கடை மூடி ஆகியவற்றிலிருந்து நன்றாக விலகி நில்லுங்கள். கைக்கடிகாரம், சாவிக்கொத்து, காந்தம் வைத்த ஃபோன் உறை எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிடுங்கள். பெரும்பாலான மாடல்களில் முதலில் ட்ரோனைப் படுக்கையாகப் பிடித்து ஒரு முழுச் சுற்று, பிறகு மூக்கைக் கீழ்நோக்கி நிறுத்தி இன்னொரு சுற்று. ட்ரோனை மட்டும் திருப்பாமல் நீங்களும் சேர்ந்து சுற்றினால் வட்டம் ஒழுங்காக வரும்.

ஐஎம்யு என்பது ட்ரோனின் சமநிலை உணர்வி. அது தவறினால் ட்ரோன் தன் சாய்வை மட்டம் என்று நினைத்துக்கொள்ளும். கடினமான, மட்டமான மேசையில், ட்ரோன் ஆறிய பிறகு, செயலி காட்டும் வரிசையில் செய்யுங்கள். கீழே விழுந்த ட்ரோனுக்கு இது கட்டாயம்.

ரிமோட்டின் ஸ்டிக்குக்கும் தனியாக ஒரு காலிபரேஷன் உண்டு. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கையை எடுத்த பின்னும் ஸ்டிக் மதிப்பு பூஜ்யத்துக்கு வராமல் ஓரிரு எண் தள்ளி நின்றால், ட்ரோன் அதை உங்கள் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளும். காற்றே இல்லாத நாளிலும் மூக்கு மெல்லத் திரும்பிக்கொண்டே போனால் முதலில் இங்கே பாருங்கள். பல மாடல்களில் ட்ரோனை அணைத்துவிட்டு ரிமோட்டை மட்டும் போட்டு இதைச் செய்ய வேண்டும்.

கிம்பலுக்கு தானியங்கிக் காலிபரேஷன் செய்த பிறகும் அடிவானம் சரிந்தால், செயலியில் கையால் நுணுக்கமாகத் திருத்தும் இடம் இருக்கும். சாய்வை மட்டுமல்ல, பல மாடல்களில் இடவல விலகலையும் அங்கேயே திருத்தலாம். திருத்தும்போது எதிரே மலைத்தொடர் இருந்தால் ஏமாந்துபோவீர்கள். கடல், ஏரி, பெருவெளி என்று உண்மையான மட்டக்கோடு தெரியும் இடம் வேண்டும். அடிவானம் திருத்தமே இல்லாமல் ட்ரோனோடு சேர்ந்து சாய்ந்தால், கிம்பல் எஃப்பிவி முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபாலோ முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

ஐந்து நிமிடச் சோதனை

திறந்தவெளிக்குப் போனதும் செயற்கைக்கோள் எண்ணிக்கை 12ஐத் தாண்டி, ட்ரோன் திரும்பி வர வேண்டிய இடமான ஹோம் பாயிண்ட் பதிவாகும்வரை பொறுங்கள். பிறகு 2 மீட்டர் உயரத்தில் நிறுத்தி, ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு 30 விநாடி பாருங்கள். தெளிவான தரை, நல்ல வெளிச்சம் இருந்தால் கீழ்நோக்கிய சென்ஸார்கள் ட்ரோனை அரை மீட்டருக்குள் பிடித்து வைக்கும். அடுத்து 10 மீட்டருக்கு ஏற்றிப் பாருங்கள். ஜிபிஎஸ் மட்டும் பிடிக்கும்போது கிடைமட்டமாக 1.5 மீட்டர் வரை நகர்வது சாதாரணம்தான், அதைக் குறை என்று எண்ண வேண்டாம்.

நிற்க விட்ட ட்ரோன் தானாகவே வட்டமடிக்க ஆரம்பித்து, வட்டம் பெரிதாகிக்கொண்டே போனால் காம்பஸ் பிழை. உடனே இறக்குங்கள். ஒரே பக்கமாக நகர்ந்தால் அடுத்த சோதனை: மூக்கை 180 டிகிரி திருப்புங்கள். நகர்வு முன்பு போலவே அதே மரத்தை நோக்கியே இருந்தால் காற்று தள்ளுகிறது, ஜிபிஎஸ் பிடிப்பும் போதவில்லை. நகர்வும் மூக்கோடு சேர்ந்து திரும்பி எதிர்த்திசைக்கு மாறினால் குறை கருவியில்தான் இருக்கிறது: ஐஎம்யு, ஸ்டிக், மோட்டார், இறக்கை என்ற வரிசையில் தேடுங்கள். இந்த ஒரு திருப்பலைச் செய்து பார்த்தால் வீண் அலைச்சல் பெருமளவு குறையும்.

அமைப்புகள்

சினி அல்லது ட்ரைபாட் முறைக்கு மாற்றுங்கள். உச்ச வேகமும் மூக்கு திரும்பும் வேகமும் குறையும், விரலின் சின்ன நடுக்கம் படத்துக்கு வராது. செயலியில் எக்ஸ்போ என்ற வளைகோடு இருந்தால், மூக்கைத் திருப்பும் அச்சுக்கு நடுப்பகுதியைத் தட்டையாக்குங்கள். ஸ்டிக் நடுவுக்குப் பக்கத்தில் எவ்வளவு ஆடினாலும் ட்ரோன் கொஞ்சம்தான் கேட்கும். பிரேக்கை மென்மையாக்கினால் காட்சியின் முடிவு அழகாக வரும், ஆனால் நிற்கும் தூரமும் கூடும். வெட்டவெளியில் ஒருமுறை ஓட்டி அந்தத் தூரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தடை தவிர்க்கும் வசதி 'சுற்றிப் போ' என்று இருந்தால் 'நில்' என்று மாற்றுங்கள். இல்லையென்றால் ஒரு கிளையைப் பார்த்ததும் ட்ரோன் தானே வளைந்து போகும், நீங்கள் காற்றைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். சூரியன் தாழ்ந்திருக்கும் நேரத்தில் அதை நோக்கிப் பறந்தால் சென்ஸார் கூசி, இல்லாத தடையைக் கண்டு தயங்கித் தயங்கிப் போகும். படம் உதறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஷட்டர் பறப்பதோடு சம்பந்தப்பட்டதில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். நொடிக்கு 25 பிரேம் எடுத்தால் ஷட்டர் 1/50 விநாடி, 30 பிரேமுக்கு 1/60. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/2.8 லென்ஸில் இயல்பாக 1/3200 அளவுக்குப் போய்விடும். அந்த வேகத்தில் ஒவ்வொரு பிரேமும் கத்தியால் வெட்டியது போல் நிற்பதால் சின்ன அசைவுகூட வெட்டிவெட்டித் தெரியும். 1/3200ஐ 1/50க்குக் கொண்டுவர என்டி64 வேண்டும். வெயில் தணிந்தால் என்டி16. எடிட்டிங்கில் ஸ்டெபிலைசேஷன் போடுவதாக இருந்தால் மட்டும் இந்த விதியைத் தளர்த்துங்கள். மங்கலோடு எடுத்த பிரேமில் நடுக்கத்தை நீக்கினாலும் மங்கல் அப்படியே நிற்கும்.

கட்டத்தையும் நடுப்புள்ளியையும் திரையில் போட்டு வையுங்கள்.

காட்சியை எடுக்கும் முறை

1. தூரத்தைக் கணக்கிடுங்கள். நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் 10 விநாடிக் காட்சி என்றால் 40 மீட்டர். தொடக்கத்துக்கு 3 விநாடி, முடிவுக்கு 3 விநாடி சேர்த்தால் 64. கம்பி, கிளை எதுவும் குறுக்கே இல்லாத 80 மீட்டர் பாதை இருந்தால்தான் நிம்மதியாக எடுக்கலாம். செயலி காட்டும் உயரம் நீங்கள் எழும்பிய இடத்திலிருந்து அளந்தது. முன்னே நிலம் மேடாகிக்கொண்டே போனால் அதற்கேற்ற உயரத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

2. பாதையின் மறுமுனைக்கும் அப்பால், முடிந்தவரை தொலைவில், அசையாத ஒரு குறியைப் பிடியுங்கள். கோபுரம், தனிமரம், மலையுச்சி எதுவானாலும் சரி. அதை நடுப்புள்ளியில் கொண்டுவந்து நிறுத்துங்கள். அருகில் இருக்கும் குறியைத் தேர்ந்தெடுத்தால், கொஞ்சம் விலகினாலும் குறி நடுவிலிருந்து ஓடும், நீங்களும் மூக்கைத் திருப்பித் துரத்துவீர்கள். கோடு வளைவதற்கு அதுவே போதும்.

3. மூக்கைத் திருத்தும் வேலையெல்லாம் ரெக்கார்ட் அழுத்துவதற்கு முன். அழுத்திய பிறகு இடது ஸ்டிக் பக்கம் போக வேண்டாம். ரிமோட் பெரும்பாலும் மோட் 2இல் வரும்: இடது ஸ்டிக் உயரமும் மூக்கும், வலது ஸ்டிக் முன்பின்னும் பக்கவாட்டும்.

4. ரெக்கார்டை அழுத்தி 3 விநாடி நிறுத்தி வையுங்கள்.

5. வலது ஸ்டிக்கைக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலுமாகச் சேர்த்துக் கிள்ளிப் பிடித்து மெல்லத் தள்ளுங்கள். கட்டைவிரல் மட்டும் இருந்தால் அது நேர்கோட்டில் போகாது. அடிமூட்டைச் சுற்றி வில்லாக வளையும், முன்னே தள்ளும்போதே கொஞ்சம் பக்கவாட்டும் சேர்ந்துவிடும். கோணல் காட்சிகளில் பெரும்பங்கு இந்த வில்தான். மையத்திலிருந்து முழுவேகம்வரை போக இரண்டு விநாடியாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

6. வேகம் வந்ததும் ஸ்டிக்கை ஆட்டாமல் அப்படியே பிடியுங்கள். க்ரூஸ் கன்ட்ரோல் இருந்தால் அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு விரலை எடுத்துவிடுங்கள். விரலே இல்லாதபோது விரலின் பிழையும் இல்லை.

7. நடுவில் குறி கொஞ்சம் விலகினால் திருத்தாதீர்கள். திருத்தாத சின்ன விலகலைப் பார்ப்பவர் கவனிக்கமாட்டார், திருத்திய அசைவு கண்ணில் படும். நிறைய விலகினால் காட்சியை நிறுத்தித் திரும்ப எடுங்கள்.

8. வெட்ட நினைக்கும் இடத்தைத் தாண்டி 3 விநாடி ஓடவிட்டு, மெல்ல விடுங்கள். சட்டென்று விட்டால் மூக்கு தூக்கி, உயரமும் கொஞ்சம் மாறும்.

குறித்த புள்ளிகள் வழியாக ட்ரோன் தானே பறக்கும் வேபாயிண்ட் வசதி இருக்கும் மாடலில் இரண்டே புள்ளிகளை வையுங்கள், தொடக்கமும் முடிவும், இரண்டும் ஒரே உயரத்தில். நடுவில் மூன்றாவது புள்ளி வைத்தால் ட்ரோன் அங்கே வளைந்து திரும்பப் பார்க்கும்.

காற்று அடிக்கும்போது

இலையும் குச்சிக்கிளையும் விடாமல் ஆடினால் காற்று மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். சின்னக் கிளைகளே அசைய ஆரம்பித்தால் 20 முதல் 28. இது சுமார் 10 மீட்டர் உயரத்துக்கான கணக்கு, மேலே போகப் போகக் கூடும். வானிலைச் செயலிகள் சொல்லும் வேகமும் வழக்கமாக அதே உயரத்துக்கானதுதான். 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோனில் நேர்கோட்டுக் காட்சிக்கு நொடிக்கு 5 மீட்டர் காற்றுவரை நிம்மதி, 8ஐத் தொட்டால் வேறு நாள் பாருங்கள். பறக்க முடியும், படம்தான் நேராக வராது.

முடிந்தால் பாதையைக் காற்றோடு ஒரே கோட்டில் அமையுங்கள். பக்கக்காற்றில் ட்ரோன் சாய்ந்துகொண்டேதான் போகும். காற்று சீராக இருந்தால் கிம்பல் அந்தச் சாய்வைச் சமாளித்துவிடும், விட்டுவிட்டு அடித்தால் அடிவானம் தள்ளாடும். எதிர்காற்றில் வேகமாகப் போனால் ட்ரோன் மூக்கைத் தாழ்த்துவதால் இறக்கைகள் படத்தின் மேல்மூலைகளில் வந்துவிடும். வேகத்தைக் குறையுங்கள், அல்லது கேமராவை 5 முதல் 10 டிகிரி தாழ்த்துங்கள். பின்னோக்கிப் பறப்பது இன்னொரு வழி. அப்போது மூக்கு மேலே தூக்கும், இறக்கை படத்துக்குள் வராது. பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாதே என்றால், அதே பாதையில் ஒருமுறை முன்னோக்கிப் போய்ப் பார்த்துவிட்டு, மூக்கைத் திருப்பாமல் அப்படியே பின்னே இழுத்து வாருங்கள். முதல் ஓட்டம் எதிர்காற்றில் இருந்தால், பேட்டரி குறைந்த நேரத்தில் காற்றே திரும்பக் கொண்டுவந்துவிடும்.

செங்குத்தாகக் கீழே பார்க்கும் காட்சி

நேர்கோட்டுப் பிழை அப்பட்டமாகத் தெரிவது இதில்தான். 24 மில்லிமீட்டருக்குச் சமமான லென்ஸில் படத்தின் அகலம், உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு நிலத்தைக் காட்டும். 10 மீட்டர் உயரத்தில் 15 மீட்டர், 60 மீட்டரில் 90 மீட்டர். அதே 1.5 மீட்டர் விலகல் முதலாவதில் படத்தில் பத்தில் ஒரு பங்கு, இரண்டாவதில் 2 சதவீதம்கூட இல்லை. கோடு நேராக வரவில்லை என்றால் முதலில் உயரத்தைக் கூட்டிப் பாருங்கள். பல நாடுகளில் மேல்வரம்பு 120 மீட்டர், உங்கள் இடத்து விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதையின் ஒரு முனையில் ட்ரோனை நிறுத்தி, சாலையின் நடுக்கோடு திரையின் நடுப்புள்ளி வழியாகப் போகும்படி மூக்கைத் திருப்புங்கள். ரெக்கார்ட் செய்யாமல் 20 மீட்டர் போய் நிறுத்துங்கள். கோடு எந்தப் பக்கம் விலகியதோ அந்தப் பக்கம் மூக்கைத் துளி திருப்பி, பின்னே வந்து மறுபடி பாருங்கள். இரண்டு மூன்று முறையில் படிந்துவிடும்.

தண்ணீருக்கு மேல் தாழ்வாக இதைச் செய்யாதீர்கள். கீழ்நோக்கிய சென்ஸார் அலையைத் தரை என்று எண்ணி, அலை போகும் பக்கம் ட்ரோனையும் நகர்த்தும். 5 மீட்டருக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், செயலி அனுமதித்தால் அந்த சென்ஸாரை அணைத்துவிடுங்கள்.

எடிட்டிங்கில் எவ்வளவு மீட்கலாம்

4கேயில் எடுத்து 1080இல் வெளியிட்டால் சாய்வைத் திருத்த நிறைய இடம் கிடைக்கும். 16:9 படத்தில் அடிவானத்தை 1 டிகிரி திருப்ப 3 சதவீதம் பெரிதாக்க வேண்டும், 2 டிகிரிக்கு 6 சதவீதம். சாய்வு கிளிப் முழுவதும் ஒரே அளவில் இருந்தால்தான் இது சுலபம். நடுவில் மாறினால் இரண்டு மூன்று இடத்தில் கீபிரேம் (திருத்தத்தின் அளவைக் குறித்து வைக்கும் புள்ளி) வைத்து மெல்ல மாற்ற வேண்டும். மூக்கு சீராகத் திரும்பிய காட்சியையும் இதே போல் பக்கவாட்டில் நகர்த்திக் கொஞ்சம் நிமிர்த்தலாம். ட்ரோனே பாதையைவிட்டு விலகிய காட்சியை நிமிர்த்த முடியாது. அருகிலிருக்கும் பொருளும் தூரத்துப் பொருளும் வெவ்வேறு அளவில் நகர்ந்திருக்கும், ஒன்றை நேராக்கினால் மற்றது கோணும். அதனால் இடத்தைவிட்டுக் கிளம்பும் முன், ஃபோன் திரையிலாவது கிளிப்பை ஓடவிட்டு அசையாத அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பேட்டரியில் 30 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இன்னொரு முறை ஓட்டலாம்.